சென்னை – டொராண்டோ: வானில் எத்தனை கிலோமீட்டர், கடிகாரத்தில் எத்தனை மணி?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 13,390 கி.மீ. என்றும், பயண நேரம் சுமார் 17 மணி என்றும் உடனே பதில் வரும். இரண்டு எண்களிலும் தப்பில்லை. ஆனால் அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் ஒரே மூச்சில் கடக்கும் பயணிகள் விமானம் கிடையாது. டிக்கெட் எடுக்கப் போனால் 21 மணி, 24 மணி, 31 மணி என்று வேறு எண்கள் நிற்கும். வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் என்று பார்த்தால் இன்னும் 6, 7 மணி கூடும்.

இந்த எண்கள் ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வருகின்றன என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். சயின்டிஃபிக் கால்குலேட்டர் உள்ள போன், ஒரு தாள், இருபது நிமிடம் போதும். சென்னை – டொராண்டோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், தமிழர்கள் அதிகம் தேடும் தடங்களில் அதுவும் ஒன்று என்பது மட்டுமல்ல. தூரக் கணக்கில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இந்த ஒரே தடத்தில் இருக்கிறது. முறை புரிந்துவிட்டால் எந்த இரண்டு விமான நிலையத்துக்கும் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஊரை அல்ல, ஓடுதளத்தைப் பிடியுங்கள்

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். ஊரின் ஆயத்தொலைவை எடுக்காதீர்கள். சென்னைக்கு வித்தியாசம் சில கிலோமீட்டர்தான். ஆனால் நரிடா போன்ற நிலையம் டோக்கியோவின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது.

சென்னை மீனம்பாக்கம் (குறியீடு எம்.ஏ.ஏ): வடக்கு 12.994, கிழக்கு 80.181
டொராண்டோ பியர்சன் (குறியீடு ஒய்.ஒய்.இசட்): வடக்கு 43.677, மேற்கு 79.631

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, பாகையையும் (டிகிரி) கலையையும் (பாகையின் 60இல் ஒரு பங்கு) தசமமாக எண்ணிவிடுவது. சில இடங்களில் சென்னை 12°59′ என்று போட்டிருக்கும். அது 12.59 அல்ல, 59ஐ 60ஆல் வகுத்து 12.98 என்று எழுத வேண்டும். அப்படியே 12.59 என்று போட்டால் விமானம் சென்னைக்குச் சுமார் 45 கி.மீ. தெற்கிலிருந்து கிளம்பும்.

இன்னொன்று பெரிய தவறு. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி உண்டு. டொராண்டோ என்பது −79.631. அந்தக் குறியை விட்டுவிட்டால் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் வந்துவிடும். விடை 3,400 கி.மீ. என்று வரும். நீங்கள் இறங்குவது கனடாவில் அல்ல, கஜகஸ்தானில். விடை நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக வந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள்.

படி 2: உருண்டையின் மேல் அளப்பது

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு வில் அது. பள்ளியில் படித்த திரிகோணவியலே போதும்:

கோசைன்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(தீ)

அ1, அ2 இரண்டு அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகை வேறுபாடு: 80.181 − (−79.631) = 159.812. எண்களைப் போடுவோம்:

சைன் 12.994 = 0.2249, சைன் 43.677 = 0.6906. பெருக்கினால் 0.1553.
கோசைன் 12.994 = 0.9744; கோசைன் 43.677 = 0.7232, கோசைன் 159.812 = −0.9386. மூன்றையும் பெருக்கினால் −0.6614.
இரண்டையும் கூட்டினால் −0.5061.
இதற்குத் தலைகீழ் கோசைன் எடுத்தால் 120.4 பாகை.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. பெருக்கினால் சுமார் 13,390 கி.மீ. கடல் மைலில் வேண்டுமென்றால் பாகையை 60ஆல் பெருக்குங்கள்: 7,224. விமானிகளின் கணக்கெல்லாம் கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். சைன் 13 போட்டால் 0.225 வர வேண்டும். 0.42 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும். அதில் ஒவ்வொரு கோணத்தையும் முதலில் ரேடியனாக மாற்றிய பிறகே சைன் போட வேண்டும்.

பூமி முழு உருண்டை இல்லை; நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் இந்தச் சூத்திரத்தில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். ஒரு தளம் 13,390 என்றும் இன்னொன்று சில கிலோமீட்டர் கூட்டியும் காட்டுவதற்கு இதுதான் காரணம். அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை. அன்றைய காற்று ஒன்றே இதைவிடப் பல மடங்கு மாற்றிவிடும்.

கை பழகியதா என்று பார்க்க ஒரு சோதனை: கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வடக்கு 7.181, கிழக்கு 79.884. அங்கிருந்து பியர்சனுக்கு 13,995 கி.மீ.க்குச் சில கிலோமீட்டர் முன்பின் வந்தால் கணக்கு சரி.

படி 3: வரைபடத்தை மறந்துவிடுங்கள்

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். உண்மையான குறுகிய வழி அப்படிப் போவதே இல்லை. சென்னையிலிருந்து கிளம்பும்போது அதன் திசை ஏறக்குறைய வடக்கு. வடக்கிலிருந்து 17 பாகை மட்டுமே மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மத்திய ஆசியா, ரஷ்யா வழியாக ஏறி, கிரீன்லாந்துக்குக் கிழக்கே 73.6 பாகை வடக்கு வரை போய், பிறகுதான் கனடாவுக்குள் இறங்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு குளோபில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

இது தெரிந்தால்தான் எந்த ஊரில் மாறிப் போவது சுற்று, எது சுற்று இல்லை என்பது புரியும். மாறிப் போகும் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் படி 2இன்படி கணக்கிட்டுக் கூட்டினால்:

டெல்லி வழி: 1,761 + 11,639 = 13,400 கி.மீ.
லண்டன் ஹீத்ரோ வழி: 8,235 + 5,707 = 13,942 கி.மீ.
துபாய் வழி: 2,934 + 11,082 = 14,016 கி.மீ.

டெல்லி வழியாகப் போனால் கூடுதல் தூரம் வெறும் 10 கி.மீ. சொச்சம்! டெல்லி ஏறக்குறைய அந்தப் பெருவட்டக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. லண்டனுக்கும் துபாய்க்கும் இடையே வித்தியாசம் 74 கி.மீ., அதாவது ஐந்து நிமிடப் பறப்பு. ‘துபாய் வழியாகப் போனால் சுற்று’ என்று சொல்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எது என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. காத்திருப்பு நேரம், விசா, மூட்டை, அன்றைய தேதியில் எந்த வான்வெளி திறந்திருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

நேரடி விமானம் ஏன் இல்லை? விமானத்தால் முடியாது என்பதால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கு 15,300 கி.மீ.க்கும் மேல், ஏர்பஸ் ஏ350–900 விமானத்தின் நெடுந்தூர வகை அதை ஒரே மூச்சில் கடக்கிறது. 13,390 அதைவிடக் குறைவு. இவ்வளவு நீளமான பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு விலை உயர்ந்த இருக்கைகள் நாள்தோறும் நிரம்ப வேண்டும். குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்துபோகும் கூட்டத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனம் அதில் இறங்குவது கடினம்.

படி 4: பறக்கும் பாதைக்கு 4 சதவீதம் கூட்டுங்கள்

எந்த விமானமும் பெருவட்டக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. கிளம்பும்போது ஓடுதளத்தின் திசைக்கு ஏற்பச் சுற்றி வர வேண்டும். வான்பாதைகளின் வளைவு உண்டு. புயல், இடிமேகம் என்றால் விலகிப் போக வேண்டும். அட்லாண்டிக்கின் மேல் தினமும் காற்றைப் பார்த்துப் பாதைகளையே புதிதாக வரைகிறார்கள்: மேற்கே போகும் பாதைகளை ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே வரும் பாதைகளைக் கேண்டர் மையமும் வெளியிடுகின்றன. இதற்கெல்லாம் சேர்த்துப் பொதுவாக 3 முதல் 6 சதவீதம். எல்லாம் சுமுகமாக இருக்கும் நாளுக்கு 4 சதவீதம் வைத்தால் போதும்.

சுமுகமாக இல்லாத நாள்தான் பிரச்சினை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா ஆகியவற்றின் விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாமல் போனது. பெருவட்டப் பாதையின் நீளமான துண்டு அங்கேதான் இருக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. டெல்லி அந்தக் கோட்டிலேயே இருந்தும் என்ன, கோட்டின் அடுத்த துண்டு பாகிஸ்தான் மேல். மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கம் சுற்றின. வட அமெரிக்க விமானங்கள் சில எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போயின. தூரத்தில் முதலிடம் பிடித்த டெல்லி வழி, நேரத்தில் பின்னுக்குப் போனது இப்படித்தான். 2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா வழியாக மாற வேண்டியவர்கள் வேறு வேறு ஊர்களில் இறங்கினார்கள்.

ஆகவே 4 சதவீதம் என்பது தொடக்க எண் மட்டுமே. உங்கள் விமானத்தின் எண்ணை ஃபிளைட்ரேடார்24 தளத்தில் போட்டால் கடந்த 7 நாளும் அது உண்மையில் எந்த வழியாக, எத்தனை மணி பறந்தது என்பது இலவசமாகவே தெரியும். ஏழு நாளின் நேரத்தையும் எழுதி, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் விட்டுவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட நம்பகமான எண் அது.

படி 5: காற்றைக் கழியுங்கள் அல்லது கூட்டுங்கள்

போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350, ஏ380 எல்லாம் ஒலியின் வேகத்தில் 0.84, 0.85 மடங்கில் பறப்பவை. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் −56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. அதில் 0.85 என்றால் 903 கி.மீ. எளிதாக 900 என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் இந்த 900 காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரையைப் பொறுத்த வேகம் அல்ல. ஆற்றுக்குள் ஓடும் படகு போலத்தான். காற்று எதிரே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வந்தால் தரைவேகம் 800. முதுகில் தள்ளினால் 1,000. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுவாக இருக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அன்று எதிர்த்திசையில் போனவர்களை யாரும் செய்தியில் எழுதவில்லை.

கணக்குக்கு இப்படி வையுங்கள்: மேற்கே போகும்போது சராசரி 50 கி.மீ. எதிர்க்காற்று, கிழக்கே வரும்போது 50 கி.மீ. முதுகுக்காற்று. அட்லாண்டிக்கின் மேல் மட்டும் 80.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958இல் விரிவாக எழுதிய வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் அதுதான். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே என்றாலும் கீழ் விளிம்பு கைகொடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் சென்னை – துபாய் பறப்பு ஜனவரியைவிடச் சில நிமிடம் குறைவதும், திரும்பும்போது அந்தச் சலுகை பறிபோவதும் அதனால்தான்.

படி 6: தரையில் போகும் 35 நிமிடம்

விமானம் கேட்டிலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் கேட்டில் நிற்பது வரைதான் டிக்கெட்டில் போடும் நேரம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் தேடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 நிமிடம் கூட்டுங்கள். இதுவரை வந்ததை ஒரே வரியில் எழுதினால்:

(பெருவட்டத் தூரம் × 1.04) ÷ (900 − எதிர்க்காற்று) + 35 நிமிடம்

சென்னை – துபாய்: 2,934 × 1.04 = 3,051. 850ஆல் வகுத்தால் 3.59 மணி, அதாவது 3 மணி 35 நிமிடம். 35 கூட்டினால் 4 மணி 10 நிமிடம்.

துபாய் – டொராண்டோ: 11,082 × 1.04 = 11,525. 850ஆல் வகுத்தால் 13.56 மணி. 35 நிமிடம் கூட்டினால் 14 மணி 9 நிமிடம்.

திரும்பும்போது டொராண்டோ – துபாய்: அதே 11,525ஐ 950ஆல் வகுத்தால் 12.13 மணி, கூட்டினால் 12 மணி 43 நிமிடம். போக வர ஒன்றரை மணி வித்தியாசம் காற்றால் மட்டுமே.

13.56 மணி என்பதை 13 மணி 56 நிமிடம் என்று வாசித்துவிடாதீர்கள். 0.56ஐ 60ஆல் பெருக்க வேண்டும், 34 நிமிடம். படித்தவர்களும் வழுக்கும் இடம் இது.

சில நிலையங்களுக்கு 35 போதாது. ஹீத்ரோவில் இறங்கும் முன் வானில் வட்டமிட வைப்பது சாதாரணம். 15, 20 நிமிடம் சேருங்கள். பியர்சனில் டிசம்பர் முதல் மார்ச் வரை கிளம்பும் விமானம் இறக்கையில் படிந்த பனியை நீக்க அதற்கென்று உள்ள திடலுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பனி கொட்டும் காலையில் அதற்கே அரைமணிக்கு மேல் ஆகிவிடும்.

படி 7: டிக்கெட்டை யுடிசியில் வாசியுங்கள்

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். ஆகவே அவற்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும்.

சென்னை: யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதல், ஆண்டு முழுக்க.
துபாய்: 4 மணி கூடுதல், ஆண்டு முழுக்க.
லண்டன்: குளிர்காலத்தில் யுடிசியேதான்; கோடையில் 1 மணி கூடுதல்.
டொராண்டோ: குளிர்காலத்தில் 5 மணி குறைவு, கோடையில் 4 மணி குறைவு.

மாதிரிக்கு ஒரு கோடைக்கால டிக்கெட் (நேரங்கள் விளக்கத்துக்காகப் போட்டவை):

சனி 21:45 சென்னை → ஞாயிறு 00:30 துபாய்
ஞாயிறு 03:30 துபாய் → ஞாயிறு 09:30 டொராண்டோ

சென்னை 21:45இலிருந்து 5:30 கழித்தால் யுடிசி சனி 16:15. துபாய் 00:30இலிருந்து 4 கழித்தால் சனி 20:30. ஆக முதல் பறப்பு 4 மணி 15 நிமிடம். துபாய் 03:30 என்பது யுடிசி சனி 23:30. டொராண்டோ 09:30உடன் 4 கூட்டினால் ஞாயிறு 13:30. இரண்டாம் பறப்பு 14 மணி. இடையில் 3 மணி காத்திருப்பு. மொத்தம் 16:15இலிருந்து மறுநாள் 13:30 வரை 21 மணி 15 நிமிடம்.

டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரவு 9:45க்குக் கிளம்பி மறுநாள் காலை 9:30க்கு இறங்குவது போலத் தோன்றும், பன்னிரண்டு மணிகூட இல்லை. மேற்கே போகும்போது கடிகாரம் 9 மணி 30 நிமிடத்தை விழுங்கிவிடுகிறது. திரும்பும்போது அதைக் கக்கிவிடும். டொராண்டோவில் மதியம் 14:00க்கு ஏறி, துபாயில் மாறி, மறுநாள் சென்னையில் 19:50க்கு இறங்கினால் தாளில் 29 மணி 50 நிமிடம் போலத் தெரியும்; உண்மையில் 20 மணி 20 நிமிடம்தான்.

கடிகாரம் மாறும் நாட்களையும் கவனியுங்கள். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரிட்டனில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் வழக்கமான 5 மணி அல்ல, 4 மணி. 2026 மார்ச்சில் அந்த இடைவெளி 8 முதல் 29 வரை. பிப்ரவரியில் வந்துபோன உறவினரின் டிக்கெட்டைப் பார்த்து மார்ச் மாதத்துக்கு நேரம் சொன்னால் ஒரு மணி பிசகும்.

படி 8: நள்ளிரவுத் தேதி

சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே. டிக்கெட்டில் ‘ஞாயிறு 01:20’ என்று இருந்தால் நீங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது சனிக்கிழமை இரவு 9 மணிக்கு. ஞாயிறு இரவு பெட்டியோடு மீனம்பாக்கம் போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். வராத பயணி என்று குறித்து, போக வர ஒரே டிக்கெட் என்றால் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்துவிடுவார்கள். டிக்கெட் கைக்கு வந்தவுடன் காலண்டரில் கிளம்பும் நேரத்தை எழுதாமல், ‘சனி இரவு 9, வீட்டிலிருந்து’ என்று எழுதி வையுங்கள்.

கவுன்டர் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி முன்பே மூடப்படும். கனடா போகும் பயணிக்கு விசா சரிபார்ப்பும் உண்டு. 3 மணி முன்னதாகப் போய் நிற்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

படி 9: மாறும் ஊரில் எவ்வளவு நேரம்?

ஒரே டிக்கெட்டில், ஒரே முனையத்தில் மாறுவதாக இருந்தால் 2 மணி போதும். 3 மணி நிம்மதி. ஹீத்ரோவில் முனையம் மாற வேண்டியிருந்தால் பேருந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று இரண்டரை மணிக்குக் குறைத்து எடுக்காதீர்கள். மலிவாக இருக்கிறது என்று 75 நிமிட இணைப்பை எடுத்துவிட்டு முதல் விமானம் 40 நிமிடம் தாமதமானால் அடுத்தது கையை விட்டுப் போகும்.

இரண்டு தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் இரண்டாம் நிறுவனத்துக்கு உங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. டெல்லி வழியில் இன்னொரு இடி: தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமான மூட்டை அளவு 15 கிலோ. கனடா டிக்கெட்டில் 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைத்தாலும் சென்னைக் கவுன்டரில் அது செல்லாது. கூடுதல் கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். திரும்பி வரும்போது டெல்லியில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். 4 மணிக்குக் குறைவாக வைக்க வேண்டாம்.

லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடங்களில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறினாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு மாறுதல் விசா தேவையா என்பதை அந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும். ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எது ‘சேர்ந்த நேரம்’?

தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது இந்தக் கேள்வி வரும். சக்கரம் தரையைத் தொட்டது, கேட்டில் நின்றது, கதவு திறந்தது ஆகிய மூன்றும் மூன்று வேறு நேரம். ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில், ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க முடிகிற நேரமே சேர்ந்த நேரம் என்று தீர்ப்பளித்தது. கனடாவின் பயணியர் பாதுகாப்பு விதிகளின்படி, பாதுகாப்புக் காரணம் இல்லாமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் இறுதி ஊருக்கு 3 மணி தாமதமானால் பெரிய நிறுவனங்கள் 400 கனடா டாலரும், 6 மணியானால் 700உம், 9 மணியானால் 1,000உம் தர வேண்டும். கதவு திறக்கும்போது போனில் நேரத்தை ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

படி 10: அழைக்க வருபவருக்கு என்ன சொல்வது

09:30க்கு விமானம் என்றால் ஸ்கார்பரோவிலிருந்து காரெடுக்கும் தம்பி 09:30க்குப் பியர்சனில் நிற்க வேண்டியதில்லை. இறங்கி நடப்பது, கியோஸ்கில் பதிவு, அதிகாரியின் கேள்வி, பெட்டி என்று சாதாரண நாளில் ஒன்றேகால் மணி. ஒரே நேரத்தில் பெரிய விமானங்கள் இறங்கினாலோ, புதிதாகக் குடியேறுபவர் என்று தாள்கள் போட வேண்டியிருந்தாலோ 2 மணிக்கு மேல். முந்தைய ஏழு நாளில் அந்த விமானம் எப்போது இறங்கியது என்று பாருங்கள். அதோடு 75 நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள்.

அங்கிருந்து ஸ்கார்பரோ சுமார் 35 கி.மீ. நெடுஞ்சாலை 401 காலியாக இருந்தால் அரைமணி. வேலைநாள் மாலை என்றால் ஒன்றேகால் மணி. டவுன்டவுன் போவதாக இருந்தால் காரே வேண்டாம். யூபி எக்ஸ்பிரஸ் ரயில் யூனியன் நிலையத்துக்கு 25 நிமிடத்தில் போய்விடும். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அடையாறில் வீட்டைப் பூட்டியவர், இந்த மாதிரி டிக்கெட்டின்படி ஸ்கார்பரோ வீட்டு அழைப்பு மணியை அழுத்துவது டொராண்டோ நேரம் ஞாயிறு காலை 11:30 வாக்கில். இடையே போனது 27 மணி. அதில் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது 18 மணி 15 நிமிடம்.